ஏற்காடு ஏறும்போது வண்டி விட்டுவிட்டு இழுக்கிறது, ஸ்பார்க் பிளக் கரியாகிறது: எந்த பிளக் வாங்குவது?

நாகலூர்வாசி:
கார்புரேட்டர் வைத்த 100 சிசி வண்டி. நாகலூரிலிருந்து சேலத்துக்கு அடிக்கடி இறங்கி ஏற வேண்டிய வேலை. சமதளத்தில் ஒரு குறையும் இல்லை. அடிவாரம் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும், மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்தால் விட்டுவிட்டு இழுக்கிறது. பிளக்கைக் கழற்றினால் முனை முழுவதும் உலர்ந்த கரி. உப்புத்தாளால் தேய்த்துப் போட்டால் சில நாள் நன்றாக ஓடுகிறது, பிறகு பழைய கதைதான். பட்டறையில் பிளக்கை வெளியே வைத்துக் கிக்கரை உதைத்துக் காட்டினார்கள். நீலப் பொறி நன்றாக வருகிறது. உதிரிபாகக் கடைக்காரர் சூடான ரக பிளக், அதாவது முனை கூடுதல் சூட்டில் இருக்கும் ரகம், போடச் சொல்கிறார். நண்பர் இரிடியம் உலோக முனை வைத்த பிளக் என்கிறார். எதை வாங்கட்டும்?

சூரமங்கலம் பட்டறை:
தம்பி, இரண்டையும் வாங்க வேண்டாம். உங்கள் பிளக் நோயாளி அல்ல, சாட்சி. அது சொல்வதைக் கேட்காமல் ஆளை மாற்றினால் புது பிளக்கும் அதே கரியைத்தான் காட்டும்.

வெளியே பொறி வருவதை நம்பாதீர்கள். திறந்த காற்றில் பிளக் முனையின் இரு எலக்ட்ரோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டச் சிறிய மின்னழுத்தம் போதும். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையைத் தாண்ட அதைப்போலப் பல மடங்கு வேண்டும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுதாகத் திறக்கும்போதுதான் உள்ளழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. இடைவெளி தேய்ந்து விரிந்திருந்தாலோ, கரி வழியே மின்சாரம் கசிந்தாலோ, தடுமாற்றம் வளைவில்தான் தெரியும், சேலம் ஐந்து ரோடு சந்திப்பின் சமதளத்தில் தெரியாது.

உப்புத்தாளை இன்றோடு விட்டுவிடுங்கள். அதன் மணல் பீங்கானுக்கும் உலோக உடலுக்கும் நடுவே தங்கும். எலக்ட்ரோடின் கூர்முனையும் மழுங்கும். பொறி கூர்முனையிலிருந்துதான் எளிதாகத் தாவும்.

இடைவெளிக்கு வண்டியின் கையேட்டைப் பாருங்கள். என்ஜிகே கம்பெனி பிளக்கில் எண்ணின் கடைசியில் ‘-9’ என்று இருந்தால் 0.9 மி.மீ. பழைய பிளக்கில் இடைவெளி அளக்கும் தட்டைத் தகடு, அதாவது ஃபீலர் கேஜ், ஏமாற்றும், ஏனென்றால் தேய்ந்த இடத்தில் குழி இருக்கும். கம்பி கேஜ் நல்லது. வளைக்க வேண்டியது பக்கக் கொம்பை, அதாவது வெளி எலக்ட்ரோடை மட்டும். நடு எலக்ட்ரோடின்மேல் ஊன்றி நெம்பினால் பீங்கான் விரிசல் விடும். இரிடியத்தின் ஊசிமுனையை நோண்டவே கூடாது.

சூடான ரகம் பற்றி: பிளக் முனை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அதனால் கடைக்காரர் சொல்வதில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இன்ஜினை முறுக்கி ஏறுகிறவருக்கு முனை குளிர்ந்துகிடக்க வாய்ப்பே இல்லை. சூடான ரகம் போட்டால் அந்த ஏற்றத்திலேயே முனை வெளுத்துக் கொப்பளிக்கும். இன்னொன்று: என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ந்த ரகம்; பாஷ், சாம்பியன் இரண்டிலும் எண் கூடினால் சூடான ரகம். எண்ணை மட்டும் சொல்லி வேறு கம்பெனி பிளக் கேட்டால் தலைகீழாக முடியும்.

உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதல், காற்று குறைவு. ஏர் ஃபில்டரையும், குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் சோக்கையும் முதலில் பாருங்கள்.

குப்பனூர் வழி:
உயரம்தான் காரணம். சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். மேலே காற்று மெலிகிறது, கார்புரேட்டருக்கு அது தெரியாது. அதோடு, இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடியபடி கியரில் வரும்போது உள்ளே வெற்றிடம் கூடி, வால்வு சீல் வழியாக ஆயில் இறங்கும். அதையும் சந்தேகிக்க வேண்டும்.

சூரமங்கலம் பட்டறை:
வால்வு சீல் யோசனை நல்லது, ஆனால் அந்தக் கரி ஈரமாக, பிசுபிசுப்பாக இருக்கும். இறக்கம் முடிந்து ஆக்சிலேட்டரைத் திருகியதும் சைலன்சரில் நீலப் புகை வரும். இவர் உலர்ந்த கரி என்கிறார். உயரமும் உண்மைதான். காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும், அதனால் கலவை சற்றுக் கெட்டியாகும், அதாவது பெட்ரோல் பங்கு கூடும். ஆனால் அதே சாலையில் எத்தனையோ கார்புரேட்டர் வண்டிகள் கரியில்லாமல் ஓடுகின்றன. உயரத்தை மட்டும் குற்றவாளியாக்க முடியாது.

தம்பி, ஒரு சோதனை. ஏறி முடித்ததும் ஐட்லிங்கில் விடாமல் உடனே அணைத்து, இன்ஜின் ஆறியபின் பிளக்கைப் பாருங்கள். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். கழற்றும் முன் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிடுங்கள். இன்னொரு நாள் இறங்கியதும் அப்படியே பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் சரி.

நாகலூர்வாசி:
பார்த்துவிட்டேன், அண்ணா. ஏறியதும் கரி, இறங்கியதும் கரி, இரண்டும் உலர்ந்ததுதான். எஸ்டேட் மண் சாலையின் தூசியில் ஃபில்டர் செங்கல் நிறம். சோக் லிவரோ முழுதாகத் திரும்பாமல் பாதியில் நிற்கிறது. பனிக்காலக் காலையில் இழுத்தது அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது போலும். லிவரைச் சுத்தம் செய்து, ஃபில்டரையும் மாற்றி, கையேட்டில் உள்ள அதே ரக பிளக்கை வாங்கிவிட்டேன். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லை. எவ்வளவு இறுக்குவது?

சூரமங்கலம் பட்டறை:
ஸ்பானரை ஒதுக்கிவைத்துவிட்டு விரலால் திருகுங்கள். விரலுக்கு அடங்காமல் பாதியில் நின்றால் மரை மாறி ஏறியிருக்கிறது, எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். வாஷர் ஹெட்டில் உட்கார்ந்தபின் ஸ்பானரால் அரைச் சுற்று. இது புது பிளக்குக்கு மட்டும். பழையதைத் திரும்பப் போட்டால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றே போதும். மரையில் கிரீஸ் தடவாதீர்கள், கை அறியாமல் அளவு மீறி இறுகும்.

மூடுபனியில் ஓடும் வண்டி என்பதால் பிளக் கேப்பையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே பச்சை பூத்திருந்தால் வயர் நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள்.