ஜிடி86: மழையில் பின்பக்கம் நழுவுகிறது. பட்ஜெட் டயரா, பிரீமியம் டயரா?

ஷா ஆலாம் 86:
வணக்கம். போன வருடம் செகண்ட் ஹேண்டில் டொயோட்டா ஜிடி86 ஒன்று வாங்கினேன். 2013 மாடல், மேனுவல் கியர். வேலைக்காகத் தினமும் ஃபெடரல் நெடுஞ்சாலையில் பெட்டாலிங் ஜெயா வரை ஓட்டுகிறேன், விடுமுறையில் சில நேரம் காராக் பக்கம். காய்ந்த சாலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மழை வந்தால்தான் தொல்லை. ஷா ஆலாமில் ரவுண்டானாவுக்குப் பஞ்சமில்லை. இரண்டாவது கியரில் லேசாக மிதித்தாலே பின்பக்கம் நழுவி, டாஷ்போர்டில் வழுக்கல் விளக்கு மின்னுகிறது.

நான்கிலும் முந்தைய உரிமையாளர் போட்ட பட்ஜெட் டயர்கள், 215/45ஆர்17. மாற்றலாம் என்று கடையில் கேட்டேன். பட்ஜெட் டயர் ஒன்று 200 ரிங்கிட்டுக்கே கிடைக்கிறது, பெயர் பெற்றவை 500க்கு மேல். இரண்டிலுமே பக்கச்சுவரில் இருக்கும் வேகக் குறியீடு ‘டபிள்யூ’தான். அப்படியிருக்க இவ்வளவு வித்தியாசம் எதற்கு? மனைவிக்கும் இதில்தான் பயணம், அதனால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காஜாங் மெக்கானிக்:
தம்பி, பணத்தை எடுப்பதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் ‘டாட்’ எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் என்ன? பள்ளத்தின் ஆழம் டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றிலும் எவ்வளவு? டயர் சூடாவதற்கு முன் காற்றழுத்தம் எவ்வளவு, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்வதோடு ஒத்துப்போகிறதா?

ஷா ஆலாம் 86:
பார்த்துவிட்டேன் அண்ணா. எண் 1517. காற்று சரியாக இருக்கிறது. நடுவில் 5 மில்லிமீட்டர் ஆழம் இருக்கிறது, ஆனால் பின் டயர் இரண்டிலும் உள்விளிம்பு நன்றாகத் தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது. பள்ளங்களுக்கு அடியில் முடி போன்ற வெடிப்புகளும் தெரிகின்றன.

காஜாங் மெக்கானிக்:
1517 என்றால் 2017ஆம் ஆண்டின் 15ஆவது வாரம் செய்த டயர். நம் ஊர் வெயிலில் இத்தனை வருடம் நின்ற ரப்பர் காய்ந்த அழிரப்பர் மாதிரி ஆகிவிடும். பெருவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சமும் அமுங்காது. தண்ணீரை வெளியே தள்ளப் பள்ளம் போதும், ஆனால் ஈரத் தாரைப் பிடித்துக்கொள்ள ரப்பர் மென்மையாக இருக்க வேண்டும். ஆகவே இந்த டயர்கள் எந்த பிராண்டாக இருந்தாலும் கழற்றத்தான் வேண்டும்.

உள்விளிம்புத் தேய்மானம் வேறு கதை. பின்சக்கரக் கோணம் தவறியிருக்கிறது, அல்லது முந்தையவர் காரைத் தாழ்த்தியிருக்கிறார். அலைன்மென்ட் (சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது) பார்க்காமல் புது டயர் போட்டால், 500 ரிங்கிட் டயரும் இப்படியேதான் தேயும்.

ஈப்போக்காரன்:
நான் பட்ஜெட் பக்கம்தான் பேசுவேன். இந்தக் காருக்கு டொயோட்டாவே போட்டது மிஷ்லின் பிரைமசி எச்பி. அவர்களின் ஹைபிரிட் கார் பிரியஸுக்கும் வந்த அதே டயர். பிடிப்பு குறைவாக இருந்தால் ஓட்டும் சுகம் கூடும் என்றுதான் வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். 200 குதிரைத்திறன் காருக்கு எதற்கு இவ்வளவு செலவு? புதிய பட்ஜெட் டயர் போட்டு நிதானமாக ஓட்டினால் போதும்.

செந்தூல் அண்ணன்:
ஈப்போக்காரர் சொன்ன தகவல் சரி, முடிவுதான் சரியில்லை. பிரைமசி விளையாட்டு டயர் இல்லைதான், ஆனாலும் அது தரமான டயர். நழுவும்போது மெதுவாக, முன்கூட்டியே சொல்லிவிட்டு நழுவும். ஈரத்தில் பிரேக் பிடிக்கும். பட்ஜெட் டயர் பலவற்றில் பயமே அந்த இடத்தில்தான். பிடித்துக்கொண்டே இருக்கும், திடீரென்று விட்டுவிடும். பின்சக்கர இழுவை, 1,250 கிலோ அளவு எடை உள்ள காரில் அதைத் திருத்த நேரம் கிடைக்காது. நிதானமாக ஓட்டுகிறவருக்கும் முன்னால் போகிறவர் சட்டென்று நிறுத்தினால் பிரேக் வேண்டுமே! பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ்ஸும், கார் வழுக்குவதைக் கட்டுப்படுத்தும் விஎஸ்சியும் டயரில் இருக்கிற பிடிப்பைப் பங்கிட்டுக் கொடுக்கும், இல்லாததைக் கொண்டுவராது.

தம்பி கேட்ட ‘டபிள்யூ’ விஷயம்: அது மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தை டயர் தாங்கும் என்பதை மட்டும் சொல்கிறது, பிடிப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. ‘டிரெட்வேர்’ எண்ணும் அப்படித்தான். உழைப்பைக் குறிக்கும் அந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் தானே போட்டுக்கொள்கிறது, அதனால் ஒரு பிராண்டை இன்னொன்றோடு ஒப்பிட உதவாது. பக்கத்தில் இருக்கும் ‘டிராக்‌ஷன்’ ஏஏ, ஏ, பி, சி என்பது ஈரத்தில் நேர்கோட்டில் பிரேக் பிடிக்கும் சோதனை, வளைவுக்குப் பொருந்தாது. நமக்கு உதவுவது ஐரோப்பிய லேபிளில் மழை மேகம் வரைந்த ‘ஈரப்பிடிப்பு’ வகுப்பு. ஏ முதல் இ வரை இருக்கும். ஏ அல்லது பி இருந்தால் எடுங்கள்.

விலை கூடுவதற்குக் காரணம் பெயர் மட்டுமில்லை. ஈரப்பிடிப்பையும் உழைப்பையும் ஒரே ரப்பரில் கொண்டுவர நல்ல சிலிக்கா கலவை வேண்டும், நிறையச் சோதனையும் வேண்டும்.

ஷா ஆலாம் 86:
புரிகிறது அண்ணா. பின்னால் மட்டும் இரண்டு பிரீமியம் போட்டு, முன்னால் இருப்பதையே வைத்துக்கொள்ளலாமா? நான்குக்கும் சேர்த்து 2,000 என்றால் கொஞ்சம் கஷ்டம்.

செந்தூல் அண்ணன்:
வேண்டாம். முன் டயரும் அதே வயதுதான். பின்னால் பிடித்து முன்னால் நழுவினால், ஸ்டீயரிங் திருப்பியும் கார் நேராகப் போகும். அதற்குப் பதில் நான்கையும் நடுத்தர விலையில் ஒரே மாடலாக எடுங்கள். யோகோஹாமா அட்வான் ஃப்ளேவா, நம் பேராக்கின் கமுந்திங்கிலேயே தொழிற்சாலை வைத்திருக்கும் டோயோவின் புரோக்ஸஸ் வரிசை, காண்டினென்டல் மேக்ஸ்கான்டாக்ட் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். முடிந்தால் மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 5. 17 அங்குலச் சக்கரத்தை 18 ஆக்காதீர்கள். அந்தப் பணம் ரப்பருக்குப் போகட்டும்.

ஷா ஆலாம் 86:
சரி, முடிவு செய்துவிட்டேன். சம்பளம் வந்ததும் நடுத்தரத்தில் நான்கு, அன்றைக்கே அலைன்மென்ட். அதுவரை மழை நாளில் எல்ஆர்டி ரயில்.

காஜாங் மெக்கானிக்:
நல்லது. கடையில் மாட்டுவதற்கு முன் நான்கிலும் தேதி எண்ணை நீங்களே பாருங்கள், பழைய சரக்கு என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அலைன்மென்ட் அளவுத்தாளையும் கேட்டு வாங்குங்கள், பின்சக்கர ‘டோ’ அளவு (சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் கோணம்) சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு என்று அதில் இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் அடக்கி ஓட்டுங்கள், புது டயரின் மேல்பூச்சு போன பிறகுதான் முழுப் பிடிப்பு வரும்.