மறு: ‘மாற்று ஒட்சிடேசு’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தாவரக் கலங்களின் சுவாசத்தில் பங்குகொள்ளும் alternative oxidase என்ற நொதியத்துக்கு (enzyme) தமிழில் ‘மாற்று ஒட்சிடேசு’ என்றே விட்டுவிடலாம் என்று யாழ்ப்பாண நண்பர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. ‘மாற்று’ என்றதும் ஒன்று போய் இன்னொன்று வருவதாகத்தான் காதில் விழுகிறது. வெள்ளவத்தையில் என்னிடம் படிக்கும் பிள்ளை ஒருத்தி, இழைமணிப் (mitochondrion, கலத்தின் சுவாசம் நடக்கும் இடம்) படத்தில், வழமையாக ஒட்சிசனை நீராக்கும் சைற்றோகுரோம் ஒட்சிடேசைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டு அந்த இடத்தில் இதை எழுதியிருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது, பெயர் அப்படி.

நடப்பது வேறு. குளிரில் இழைமணி மென்சவ்வின் கொழுப்பு இறுகி, சைற்றோகுரோம் வழி, அதாவது சைற்றோகுரோம் ஒட்சிடேசில் முடியும் வழமையான இலத்திரன் பாதை, மந்தமாகிறது. பின்னாலிருந்து இலத்திரன்கள் வந்தபடியே இருக்க, அவற்றைச் சுமக்கும் யுபிகுயினோனில் தேக்கம் ஏற்படுகிறது. தேங்கியவை கண்டபடி ஒட்சிசனில் ஏறினால் கலத்தைச் சிதைக்கும் ஒட்சிசன் இனங்கள் உருவாகும். இந்த நொதியம் யுபிகுயினோலிடம் (இலத்திரன் ஏறிய யுபிகுயினோன்) இலத்திரன்களை நேரே வாங்கி ஒட்சிசனை நீராக்கிவிடுகிறது. வழமையான பாதையின் மூன்றாம், நான்காம் சிக்கல்களை (complex எனும் புரதத் தொகுதிகளை)த் தாண்டிப் போவதால் அங்கே புரோத்தன் பம்பப்படுவதில்லை, அதனால் கலம் செலவிடும் சக்தி மூலக்கூறான ஏ.ரீ.பி. (ATP) குறைகிறது, மிச்சச் சக்தி வெப்பமாகிறது. இரண்டு வழியும் ஒரே நேரத்தில் ஓடலாம்.

வவுனியாக்காரருக்கு இது குளம் நிரம்பி வான் (மிகை நீர் வழிந்தோடும் வாய்) பாய்வதுபோலத் தோன்றும். ஆனால் ‘வான்வழி’ என்றால் விமானம்தான் நினைவுக்கு வரும்! அதோடு, மிகை வழிகிறது என்ற கருத்து எல்லா இடத்துக்கும் பொருந்தாது. காற்று 10 பாகைக்கு இறங்கினாலும் தாமரைப்பூ 30 பாகைக்குக் குறையாமல் தன்னை வைத்திருப்பது இதே நொதியத்தால்தான். அங்கே வெப்பம் கழிவல்ல, தேவை. நுவரெலியாக் குளிரில் நிற்கும் சாதாரண இலைக்கோ அந்த வெப்பம் குளிர்காயவும் போதாது.

ஆகவே நோக்கத்தை விட்டுவிட்டு, பாதையை மட்டும் சொல்வோம்: புறவழி ஒட்சிடேசு. சைற்றோகுரோம் ஒட்சிடேசை முடக்கும் சயனைட்டு இட்டும் இந்த நொதியத்தால் நிற்காமல் நடக்கும் சுவாசம், புறவழிச் சுவாசம். தாவர இழைமணியில் முதலாம் சிக்கலைத் தாண்டும், புரோத்தன் பம்பாத டீஐதரசனேசுகளும் (இலத்திரன்களைப் பாதையில் ஏற்றும் நொதியங்கள்) இருக்கின்றனவே, அவற்றுக்கும் இதே முன்னொட்டு உதவும்.

‘குளிர்த் தகைப்பு’ (cold stress) ஏற்கெனவே புழங்குகிறது, அதைக் கிளற வேண்டாம். சென்னை நண்பர்கள் ஆக்சிடேஸ் என்றே எழுதட்டும், முன்னால் ‘புறவழி’ இருந்தால் சரி. வேறு சொல் இருப்பவர்கள், தாமரைக்கும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.