சிடைப்ஸ் வழியாக சி லைப்ரரியைக் கூப்பிட்டால் செக்மென்டேஷன் ஃபால்ட், சி நிரலில் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது

புதுநிரலன்:
லினக்ஸ் 64 பிட், பைத்தான் 3. சி-யில் எழுதிய சின்ன லைப்ரரி ஒன்றை எஸ்ஓ கோப்பாக (ஓடும்போது ஏற்றப்படும் லைப்ரரி) கம்பைல் செய்து, சி ஃபங்ஷன்களைக் கூப்பிட பைத்தானில் உள்ள சிடைப்ஸ் (ctypes) வழியாகக் கூப்பிடுகிறேன். இரண்டு முழு எண்களைக் கூட்டும் ஃபங்ஷன் சரியான விடை தருகிறது. 'திற' என்ற ஃபங்ஷன் ஒரு ஸ்ட்ரக்ட் பாயின்டரை, அதாவது நினைவக முகவரியை, தரும், அதை அப்படியே 'படி' என்ற ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்ட பிழை) வந்து பைத்தானே செத்துவிடுகிறது, பிழை வந்த வரியைக் காட்டும் ட்ரேஸ்பேக் கூட வருவதில்லை. டபுள் (தசம எண்) தரவேண்டிய 'சராசரி' ஏதோ சம்பந்தமில்லாத முழு எண்ணைத் தருகிறது. இதே லைப்ரரியை சி நிரலோடு லிங்க் செய்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. பழைய 32 பிட் மெஷினில் பைத்தானிலிருந்தே திற, படி இரண்டும் ஓடின, அதுதான் இன்னும் குழப்புகிறது.

வால்காக்கை:
சி++ கம்பைலரில் போட்டீர்களா? அப்படியென்றால் ஃபங்ஷன் பெயர்கள் உருமாறியிருக்கும், எக்ஸ்டர்ன் சி போடவேண்டும்.

புதுநிரலன்:
இல்லைங்க, சுத்தமான சி. பெயர் கிடைக்காவிட்டால் ஆட்ரிப்யூட் எரர் அல்லவா வரும்?

பழையகம்பைலர்:
பெயர் பிரச்சினை இல்லை. எஸ்ஓ கோப்பில் ஃபங்ஷனின் பெயரும் முகவரியும் இருக்கும், அது என்ன டைப் தருகிறது என்பது இருக்காது. சி நிரலுக்கு அதை ஹெடர் (ஃபங்ஷன்களின் டைப்புகளை அறிவிக்கும் கோப்பு) சொல்லிவிடுகிறது, சிடைப்ஸ் ஹெடரைப் படிப்பதே இல்லை, அதனால் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் எல்லா ஃபங்ஷனும் இன்ட் (முழு எண்) தருவதாக எடுத்துக்கொள்ளும். 64 பிட்டில் பாயின்டர் 8 பைட், இன்ட் 4 பைட், ஆக முகவரியின் மேல்பாதி போய்விட்டது. 32 பிட்டில் இரண்டுமே 4 பைட் என்பதால் தப்பித்தீர்கள். டபுள் ப்ராசசரின் வேறு ரெஜிஸ்டரில் வருகிறது, சிடைப்ஸ் இன்ட் வரும் ரெஜிஸ்டரைப் பார்த்து அங்கே கிடந்த குப்பையை எடுத்துத் தருகிறது.

'திற'வின் ரெஸ்டைப்பை (ஃபங்ஷன் தரும் டைப்பை சிடைப்ஸுக்குச் சொல்வது) வாய்ட் பாயின்டர் (எந்த டைப் என்று சொல்லாத முகவரி) என்றும் 'சராசரி'யின் ரெஸ்டைப்பை டபுள் என்றும் வையுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள், 'படி'க்கு ஆர்க்டைப்ஸும் (ஃபங்ஷன் வாங்கும் மதிப்புகளின் டைப்புகள்) வேண்டும்: வாய்ட் பாயின்டர் பைத்தானுக்கு வெறும் எண்ணாகத்தான் வரும், திரும்ப அனுப்பும்போது ஆர்க்டைப்ஸ் இல்லாவிட்டால் மறுபடி இன்ட்டாக வெட்டுப்படும். பாதிப்பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

புதுநிரலன்:
இரண்டும் போட்டதும் ஓடிவிட்டது, நன்றி! அப்புறம் இன்னொன்று. 'பெயர்' என்ற ஃபங்ஷன் மாலோக் செய்த (நினைவகம் கேட்டு வாங்கிய, பிறகு விடுவிக்கவேண்டிய) சரத்தைத் தருகிறது, ரெஸ்டைப்பை கேர் பாயின்டர், அதாவது சி_கேர்_பி என வைத்தால் சரம் சரியாக வருகிறது, ஆனால் லைப்ரரியின் 'விடுவி'யில் கொடுத்தால் செல்லாத பாயின்டர் என்று நின்றுவிடுகிறது.

பழையகம்பைலர்:
சி_கேர்_பி வைத்தால் சிடைப்ஸ் உடனே பைட்ஸ் ஆக நகலெடுத்துவிடும், மூல முகவரி உங்கள் கையில் இல்லை. நீங்கள் விடுவிக்கக் கொடுப்பது பைத்தானின் சொந்த நினைவகத்தை! ரெஸ்டைப்பை வாய்ட் பாயின்டராக்கி, ஸ்ட்ரிங்_அட் கொண்டு சரத்தை நகலெடுத்துவிட்டு, அந்த எண்ணை 'விடுவி'யிடம் கொடுங்கள், அதற்கும் ஆர்க்டைப்ஸ் மறக்காமல்.

வால்காக்கை:
அடுத்த முறை இப்படிச் செத்தால் பைத்தானை ஃபால்ட்ஹேண்ட்லரோடு ஓட்டுங்கள், 3.3 முதலே உள்ளே இருக்கிறது, எந்த வரியில் விழுந்தது என்று காட்டிவிட்டுத்தான் சாகும்.

புதுநிரலன்:
சரி, விடுவியும் ஓடுகிறது. இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிட்டேன்.