காளை உறைவிந்துப் பரிசோதனை: வெளிச்சத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறீர்கள்?

உறைவிந்து அடைத்த 0.25 மி.லி. குச்சியை (ஸ்ட்ரா) 37 டிகிரி நீரில் 30 நொடி உருக்கி, இரண்டு குழாய்களில் பிரித்து, ஒரே நீர்த்தொட்டியில் வைக்கிறோம். ஒன்றுக்கு அலுமினியத் தாள் சுற்றியிருக்கும். மற்றதற்கு மேலே வெள்ளை எல்.இ.டி. இரண்டு மணி நேரத்தில் சுற்றாத குழாயில் முன்னோக்கி நீந்தும் விந்தணுக்கள் தெளிவாகக் குறைகின்றன. குழாய்க்குள்ளேயே வெப்பநிலை அளந்தாயிற்று, இரண்டிலும் 37தான். ஆகவே விளக்குச் சூடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சந்தேகம் நீல ஒளி மீது. ஃபிளேவின்கள் (உயிரணுக்களில் உள்ள, வைட்டமின் பி2 சார்ந்த மூலக்கூறுகள்) அதை உறிஞ்சி, ஆக்சிஜன் இருந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கும். அது அணுவின் சவ்வுக் கொழுப்பைத் தாக்கும். காளை விந்தணுவின் அசைவை ஒளி பாதிப்பதை ஆய்வாளர்கள் நார்மனும் கோல்ட்பெர்க்கும் 1959-லேயே எழுதிவிட்டார்கள். பன்றி விந்தில் கதை வேறு: 620–630 நானோமீட்டர் சிவப்பொளியை 10 நிமிடம் காட்டி, 10 நிமிடம் இருட்டில் வைத்து, மறுபடி 10 நிமிடம் காட்டினால் பலன் உண்டு என்கிறார்கள்.

கேட்க வேண்டியவை: விந்தை நீர்க்கப் பயன்படும் ட்ரிஸ்–மஞ்சள்கருக் கரைசலில், ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் நொதியான கேட்டலேஸ் எவ்வளவு சேர்க்கிறீர்கள்? நுண்ணோக்கியில் சிவப்பு வடிகட்டி போட்டால் விந்தணு அசைவைக் கணினி எண்ணும் கணக்கு பிசகுகிறதா? அந்த 10–10–10 முறையைக் காளை விந்தில் பார்த்தவர்கள் உண்டா?

ஒளி அளவை லக்ஸில் தர வேண்டாம், அது மனிதக் கண்ணுக்கான கணக்கு. அலைநீளம், தூரம், சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.