கருநீலத் தேன்சிட்டு: ஊதாவா, லோட்டனா?

செம்பருத்திவேலி:
வீடு சிதம்பரம் பக்கம். வாசலில் செம்பருத்தி, கொல்லையில் முருங்கை. இந்த அக்டோபரில் தினமும் ஒரு கருத்த தேன்சிட்டு வருகிறது. செல்போன் செயலி ஒரு படத்துக்கு ஊதாத் தேன்சிட்டு என்கிறது, அடுத்த படத்துக்கு லோட்டன் தேன்சிட்டு என்கிறது. மார்புக்குக் கீழே செம்பழுப்புப் பட்டை தெரிகிறது. கூடவே இன்னொன்றும் வருகிறது: வயிறு மஞ்சள், தொண்டையிலிருந்து நடுமார்பு வரை கறுப்புக் கோடு. அது இதன் பெட்டையா?

முருங்கைக்கிளை:
பட்டை இருந்தால் லோட்டன்தான். சந்தேகமே வேண்டாம்.

பழையபைனாகுலர்:
அவசரப்படாதீர்கள். ஊதா ஆணுக்கும் சில சமயம் மெல்லிய செம்பழுப்புப் பட்டை இருக்கும். முதலில் அலகைப் பாருங்கள். ஊதாவுக்கு அலகு ஏறத்தாழ தலையின் நீளம்தான், வளைவும் குறைவு. லோட்டனுக்குத் தலையைவிட நன்றாக நீளம், அரிவாள் மாதிரி வளைந்திருக்கும். பக்கவாட்டில் எடுத்த படம்தான் இதற்கு உதவும். பறவை நேராக உங்களைப் பார்த்தால் எந்த அலகும் குட்டைதான்.

அப்புறம் வயிறு. லோட்டனுக்குப் பட்டைக்குக் கீழே மங்கிய பழுப்பு. ஊதாவுக்கு அங்கேயும் கருநீலம். ஆனால் வெயிலில் பார்த்துச் சொல்லுங்கள். அந்த மினுமினுப்பு இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டு வருவது. மழை மூட்டத்தில் இரண்டுமே வெறும் கறுப்பாகத்தான் தெரியும்.

கோடு போட்டது பெட்டை இல்லை. இனப்பெருக்கக் காலம் முடிந்து பளபளப்பை உதிர்த்த ஊதா ஆண் அப்படித்தான் இருக்கும்.

செம்பருத்திவேலி:
இன்று வெயில் அடித்தது. கருத்ததன் அலகு தலையைவிட நீளம், வயிறு பழுப்பு. அப்படியானால் ஒரு வேலிக்கு இரண்டு இனமுமா?

பழையபைனாகுலர்:
ஆமாம், கருத்தது லோட்டன். பூ இருந்தால் இரண்டும் வரும், துரத்திக்கொள்ளவும் செய்யும். லோட்டன் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டனின் பெயர் அது. ஊதா மேற்கு ஆசியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவியது.

முருங்கைக்கிளை:
பட்டையை வைத்து நான் சொன்னதும் சரியாகத்தானே வந்தது! சரி, பெட்டைகளை எப்படிப் பிரிப்பது?

பழையபைனாகுலர்:
வந்தது, ஆனால் வழி சரியில்லை 🙂 பெட்டைக்கும் அலகுதான் முதல் சாட்சி. ஊதாப் பெட்டைக்குக் கண்ணுக்கு மேல் வெளிறிய புருவக்கோடு இருக்கும், லோட்டன் பெட்டைக்கு அது இராது. அலகும் புருவமும் தெரியாத படம் என்றால் "தேன்சிட்டுப் பெட்டை" என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுங்கள்.

செம்பருத்திவேலி:
நன்றி சார். பக்கவாட்டுப் படம் கிடைத்தால் போடுகிறேன்.