புதுப்பிப்பு: மழை வரவில்லை, ஆனாலும் பூத்தது

போன மாதம் ஜெபிக்கக் கேட்டிருந்தேனே, ஏற்காட்டில் எங்கள் 2 ஏக்கர் காபிக்கு மார்ச் மழை பொய்த்து மொட்டெல்லாம் காய்கிறது என்று. மழை இன்னும் வரவில்லை. ஆனால் கீழ்த் தோட்டத்து அண்ணன், நான் கேட்காமலே டீசல் மோட்டாரும் குழாயும் கொண்டுவந்து இறக்கினார். வரப்புத் தகராறில் எங்களோடு பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது! இரண்டு இரவு ஓடைத் தண்ணீரைத் தெளித்தோம். ஒன்பதாம் நாள் விடியலில் சரிவு முழுக்க வெள்ளை, மல்லிகை போல வாசம். அம்மா செடிகளுக்கு நடுவே முழங்காலிட்டு அழுதார்கள்.

"இதுவா அற்புதம்?" என்று கேட்ட தம்பிக்கு: எனக்கு இதுதான். வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 17-ல், மழையில்லாமல் கேரீத் ஆறு வற்றியபின் தேவன் எலியா தீர்க்கதரிசியைப் போஷித்தது சாறிபாத் விதவையின் பானையில் கிடந்த ஒரு பிடி மாவைக் கொண்டு. மழை அடுத்த அதிகாரத்தில்தான் வருகிறது.

காய் பிடிக்க இன்னும் ஈரம் வேண்டும். தொடர்ந்து ஜெபியுங்கள்.