ஒரே அணிக்குள் போட்டி: 1986 டூரில் இனோ செய்தது துரோகமா?

நித்யா_ர கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் சைக்கிள் பந்தயம் பார்க்க ஆரம்பித்ததே 2023 வுவெல்டாவில்தான், அதாவது ஸ்பெயினில் நடக்கும் மூன்று வாரப் பந்தயத்தில். தலைமையில் இருந்து சிவப்பு ஜெர்சி போட்டிருந்தவர் செப் கஸ். அதே ஜம்போ விஸ்மா அணியைச் சேர்ந்த விங்ககோரும் ரோக்லிச்சும் ஆங்லிரு மலையில் அவரைப் பின்னால் விட்டுவிட்டு ஏறிப் போனார்கள். அந்த வருடம் ரோக்லிச் இத்தாலியின் ஜிரோவையும் விங்ககோர் பிரான்ஸின் டூரையும் ஜெயித்தபோது அவர்களுக்காக மலை மலையாக உழைத்தவர் இந்த கஸ்தானாம். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

அப்புறம் பழைய கதைகளைத் தேடினால் எல்லாரும் 1986 டூர் டி பிரான்ஸில்தான் போய் நிற்கிறார்கள். பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ உதவுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, அதே அணியின் அமெரிக்கரான கிரெக் லெமாண்டை ஏமாற்றினார் என்கிறார்கள் சிலர். அதெல்லாம் பந்தயத்தில் சகஜம் என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டு சந்தேகம். ஜெயிக்கப்போவது ஒருவர்தான் என்றால் அணி எதற்கு? இனோ செய்தது துரோகமா, இல்லையா?

பின்சக்கரம் எழுதியது:

நித்யா, முதல் கேள்விக்குப் பதில் காற்றில் இருக்கிறது. சமதரையில் நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதிலேயே போய்விடும். இன்னொருவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் அதில் கால்வாசிக்கும் மேல் மிச்சமாகும். அதனால்தான் துணைவீரர்கள் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்கிறார்கள், தலைவர் மறைவில் வருகிறார். காரிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுவருவதும், தலைவருக்குப் பஞ்சர் ஆனால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பதும் அவர்கள் வேலைதான். டூரை ஜெயித்தவர் பரிசுப் பணத்தை அணிக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவது வழக்கம்.

இதோடு எழுதாத விதி ஒன்றும் இருக்கிறது. நம் அணிக்காரர் முன்னால் தப்பித்துப் போய்விட்டால் நாம் அவரைத் துரத்தக் கூடாது. துரத்தினால் எதிரிகளையும் முதுகில் சுமந்துகொண்டு போய் அவரிடம் சேர்த்துவிடுவோம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அணிக்குள் இரண்டு பேருக்கு ஜெயிக்கும் சக்தி இருந்தால், யார் முதலில் அட்டாக் செய்கிறாரோ, அதாவது திடீரென வேகமெடுத்துப் பிரிந்து போகிறாரோ, அவர் மற்றவரின் கையைக் கட்டிவிடுகிறார்.

இனி இனோ. 1984 டூரில் லோரான் ஃபிஞ்ஞோனிடம் பத்து நிமிடத்துக்கும் மேல் தோற்றிருந்தார். அந்த டூரில் மூன்றாவதாக வந்த லெமாண்டை, பெர்னார் தப்பி என்ற தொழிலதிபர் பெரிய சம்பளம் பேசித் தன் லா வி கிளேர் அணிக்குக் கொண்டுவந்தார். அங்கே ஏற்கெனவே தலைவராக இருந்தவர் இனோ.

1985 டூரில் மஞ்சள் ஜெர்சியோடு (மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் போடுவது) இருந்த இனோ, சாந்தெத்தியனில் ஸ்டேஜ், அதாவது அன்றைய நாள் ஓட்டம், முடியும் இடத்தில் விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டார். மூச்சுவிடவே சிரமப்பட்டுக்கொண்டுதான் பைரனீஸ் மலைகளுக்கு வந்தார். லூஸ் ஆர்திதென்னில் முடியும் ஸ்டேஜில் அவரால் முன்னணியோடு ஒட்ட முடியவில்லை. அயர்லாந்தின் ஸ்டீபன் ரோச் முன்னால் போனார், லெமாண்ட் அவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு போனார். இருவரும் மாற்றி மாற்றி முன்னால் வந்து காற்றை வாங்கி இழுத்திருந்தால் மஞ்சள் ஜெர்சியே லெமாண்டின் கைக்கு வந்திருக்கலாம். அப்போது அணியின் கார் பக்கத்தில் வந்தது. ரோச்சோடு சேர்ந்து இழுக்காதே, இனோ பின்னால் பக்கத்தில்தான் வருகிறார், இடைவெளி ஒரு நிமிடம்கூட இல்லை என்றார்கள்.

வீரர்களின் காதில் ரேடியோ வராத காலம் அது. கார் சொல்வது ஒன்று, மோட்டார்சைக்கிளில் வருபவர் பலகையில் எழுதிக் காட்டுவது ஒன்று, வேறு செய்தி கிடையாது. இருபத்து நான்கு வயதுப் பையன், சொந்த அணி சொல்கிறது, நம்பினார். கோட்டைத் தாண்டி நின்று பார்த்தபோதுதான், கார் சொன்னதைவிட இனோ வெகுதூரம் பின்னால் இருந்தது தெரிந்தது. பாரிஸில் இருவருக்கும் வித்தியாசம் 1 நிமிடம் 42 விநாடி. இனோவுக்கு ஐந்தாவது டூர் வெற்றி. அடுத்த வருடம் லெமாண்டுக்காக உழைப்பேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

என்னைக் கேட்டால் துரோகம் நடந்தது 1985-இல்தான். அதைச் செய்தது அணியின் கார். 1986-இல் இனோ செய்ததை என்னால் மன்னிக்க முடிகிறது. அவர் அட்டாக் செய்தபோது உலகமே பார்த்துக்கொண்டிருந்தது, லெமாண்டும் பார்த்தார். ஆனால் லூஸ் ஆர்திதென்னில் ஒரு வீரருக்குத் தன் நிலைமையே தெரியாமல் மறைத்துவிட்டார்கள். கால் வலியைத் தாங்கலாம், தோல்வியைத் தாங்கலாம். சொந்தக் காரிலிருந்து வரும் குரல் பொய் சொல்கிறது என்று தெரிந்த பிறகு ஒருவர் எப்படி நிம்மதியாக ஓட்டுவார்? மறுவருடம் தன் சாப்பாட்டில் யாராவது எதையாவது கலந்துவிடுவார்களோ என்றுகூடப் பயந்ததாக லெமாண்ட் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தப் பயத்தின் வேர் முந்தைய வருடத்தில் இருக்கிறது.

கோல்_ஏறி எழுதியது:

பின்சக்கரம் சார், உங்கள் பதிவுகளை விடாமல் படிப்பவன் நான். இதில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மஞ்சள் ஜெர்சி உங்கள் அணியில் இருக்கிறது, போட்டவர் மூக்கு உடைந்து பின்னால் வருகிறார். முன்னால் இருக்கும் ரோச், கடைசியில் மூன்றாமிடத்தில் முடித்தவர். அவரோடு சேர்ந்து இழுக்காதே என்று சொல்லாத டைரக்டர் (காரிலிருந்து அணியை நடத்துபவர்) உண்டா? நான் அந்தக் காரில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

1986-ஐ மன்னிக்கிறேன் என்று சொல்லிக் கடந்துவிட்டீர்கள். அது மன்னிப்புத் தேவைப்படும் காரியமே இல்லை. பயோனிலிருந்து போ நகருக்குப் போகும் 12-ஆவது ஸ்டேஜில் இனோ கிளம்பினார், வேறு அணியின் பெத்ரோ தெல்காதோ கூடப் போனார். ஸ்டேஜைத் தெல்காதோவுக்கு விட்டுவிட்டு இனோ மஞ்சளை எடுத்துக்கொண்டார். லெமாண்டைவிட 5 நிமிடம் 25 விநாடி முன்னால். மறுநாளும் தூர்மலே இறக்கத்தில் மறுபடி கிளம்பினார். ஐந்து நிமிடம் கையில் இருக்கும் மனிதர் எதற்கு மறுபடி அட்டாக் செய்ய வேண்டும்? எதிரிகளை ஓடவைத்துக் களைக்கச் செய்தேன் என்று அவரே சொன்னார். அன்று சூப்பர்பான்யேரில் ஸ்டேஜை ஜெயித்தது லெமாண்ட், இனோவின் முன்னிலை 40 விநாடியாகச் சுருங்கியது. அணியின் பயிற்சியாளர் பால் கோக்லியின் கொள்கையும் அதுதான்: பல பேர் தாக்கட்டும், எதிரணிகள் துரத்திச் சாகட்டும். பாரிஸில் முதல் இடம் லெமாண்ட், இரண்டாவது இனோ, நான்காவது ஆண்டி ஹாம்ஸ்டன், மூவரும் ஒரே அணி. இதைவிட வேறென்ன வேண்டும்?

பின்சக்கரம் எழுதியது:

தம்பி, இழுக்காதே என்று கட்டளை போட்டதை நான் எங்கே தப்பென்று சொன்னேன்? அது டைரக்டரின் உரிமை. பொய்யான இடைவெளியைச் சொன்னதுதான் தப்பு. இனோ இவ்வளவு பின்னால் இருக்கிறார், உனக்கு வாய்ப்பு இருக்கிறது, இருந்தாலும் மஞ்சளைக் காப்பாற்ற வேண்டும் என்பதால் நில், இது அணியின் முடிவு என்று சொல்லியிருந்தால் லெமாண்ட் நின்றிருப்பார் அல்லது மறுத்திருப்பார். எதுவானாலும் அவர் எடுத்த முடிவாக இருந்திருக்கும்.

1986-இல் உங்கள் கணக்கு பாதி சரி. இனோவின் அட்டாக் எதிரிகளைக் களைக்கவைத்தது உண்மை. அதே நேரம் அந்த ஐந்து நிமிடம் நிலைத்திருந்தால் அவர் அதைத் திருப்பிக் கொடுத்திருப்பாரா? ஆறாவது டூர் எவருக்கும் கிடைக்காதது. ஆங்கெத்தில், மெர்க்ஸ் போன்ற பழைய சாம்பியன்கள் எல்லாம் ஐந்தோடு நின்றவர்கள். வாக்குக் கொடுத்த இனோவும் ஆறாவதை ஆசைப்பட்ட இனோவும் ஒரே மனிதர்தான். எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை, கொஞ்சம் பரிவுகூட உண்டு.

நீங்கள் விட்டுவிட்ட இடம் ஆல்ப் துயெஸ். அதற்கு முந்தைய நாள் கிரானோன் மலையில், முழங்கால் வலியோடு இருந்த இனோ பின்தங்கி, மஞ்சள் லெமாண்டிடம் வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் உர்ஸ் சிம்மர்மான் இரண்டாவது இடத்துக்கு ஏறிவிட்டார். மறுநாள் இனோவும் லெமாண்டும் சேர்ந்து எல்லாரையும் விட்டுப் பிரிந்து, ஆல்ப் துயெஸ் உச்சியில் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். சிம்மர்மான் வந்து சேர ஐந்து நிமிடத்துக்கும் மேல் ஆனது. இதுதான் அந்த அணி செய்திருக்கக்கூடிய வேலை! இருவரும் ஒன்றாக ஓட்டியபோது அவர்கள் பக்கத்தில் நிற்க யாருமே இல்லை. கோட்டை இனோ முதலில் தாண்டினார், லெமாண்ட் மனமார விட்டுக்கொடுத்தார். சில மணிநேரத்துக்குள் டெலிவிஷனில் உட்கார்ந்து, பந்தயம் இன்னும் முடியவில்லை என்றார் இனோ. பக்கத்திலேயே லெமாண்ட். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் கஷ்டமாக இருக்கும். அதற்குப் பிறகும் லெமாண்ட் தாக்குப்பிடித்து 3 நிமிடம் 10 விநாடியில் ஜெயித்தார். டூரை ஜெயித்த முதல் அமெரிக்கர்.

சாலைமணி எழுதியது:

1987 ஜிரோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரேரா அணி. முந்தைய வருடம் ஜெயித்த இத்தாலியரான ரொபெர்தோ விசெந்தினி பந்தயத்தின் தலைமையில் இருக்கிறார். சப்பாதாவுக்குப் போகும் ஸ்டேஜில் மேலே சொன்ன அதே ஸ்டீபன் ரோச் இறக்கத்தில் தப்பித்துப் போனார். நிறுத்தச் சொல்லியும் கேட்கவில்லை. சொந்த அணியே அவரைத் துரத்தியது. அணிக்குள் அவர் பக்கம் நின்றவர் பெல்ஜியத்தின் எடி ஷெப்பர்ஸ் ஒருவர்தான். விசெந்தினி அன்றே நிலைகுலைந்து பல நிமிடங்கள் இழந்தார். இத்தாலிய ரசிகர்கள் ரோச் மேல் துப்பினார்கள். அந்த வருடம் அவர் ஜிரோ, டூர், உலக சாம்பியன்ஷிப் மூன்றையும் ஜெயித்தார். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு, ஆனால் விசெந்தினி பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அதை யாரும் பேசுவதில்லை.

நித்யா_ர எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பின்சக்கரம் அண்ணா, கஸ் விஷயத்தில் உங்கள் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அது துரோகமா? அங்கே எல்லார் காதிலும் ரேடியோ இருந்ததே.

பின்சக்கரம் எழுதியது:

நல்ல கேள்வி நித்யா. கஸ்ஸுக்கு யாரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அங்கே நடந்தது வேறு தவறு, யாருமே எதையும் தீர்மானிக்காமல் விட்டது. ஆறாவது ஸ்டேஜில் ஹவாலம்ப்ரே உச்சியில் கஸ் ஜெயித்தார், எட்டாவது ஸ்டேஜில் சிவப்பு ஜெர்சி வந்தது. அன்றைக்கே அணி உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். மூன்று பேருக்கும் வாய்ப்பு, சாலை முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். 16-ஆவது ஸ்டேஜில் பெஹெஸ் ஏற்றத்தில் விங்ககோர் தனியாகப் போய் ஒரு நிமிடத்துக்கும் மேல் எடுத்தார். மறுநாள் ஆங்லிருவில் கஸ் பின்தங்கினார். வேறு அணிக்காரரான மிக்கேல் லாண்டாவின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் சிவப்பைக் காப்பாற்றினார். மிச்சம் இருந்தது 8 விநாடி. ஸ்டேஜ் முடிவில் முதலாவதாக வருபவருக்கு மொத்த நேரத்தில் 10 விநாடி கழிவு, அடுத்தவருக்கு 6, மூன்றாமவருக்கு 4. எட்டு விநாடி என்றால் கழிவிலேயே கரைந்துவிடும்.

ரேடியோ இருந்தும் இப்படி ஆனதற்குக் காரணம், ரேடியோவில் சொல்ல ஒரு முடிவு இல்லாமல் போனதுதான். 2012 டூரில் ஸ்கை அணியை நினைத்துப் பாருங்கள். லா தூஸ்வீர் ஏற்றத்தில் துணைவீரர் ஃப்ரூம் கிளம்பியதும், நில் என்று காதில் கட்டளை வந்தது, நின்று அணித் தலைவர் விக்கின்ஸுக்காகக் காத்திருந்தார். பெய்ராகூட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டே ஏறினார். அன்றைய ஸ்டேஜ் 19 விநாடி வித்தியாசத்தில் வேறு அணியின் வல்வெர்தேவுக்குப் போனது. விக்கின்ஸ் ஜெயித்தார், ஃப்ரூம் 3 நிமிடம் 21 விநாடி பின்னால் இரண்டாவது. ஃப்ரூமுக்கு அது கசந்திருக்கும், அவர்கள் உறவும் கெட்டது. ஆனால் யார் தலைவர் என்பதில் அன்று யாருக்கும் குழப்பம் இல்லை, அடுத்த வருடம் டூரில் ஃப்ரூம் தலைவராக வந்து ஜெயித்தார்.

ஜம்போ ஆங்லிருவுக்கு மறுநாள்தான் கஸ்ஸைக் காப்பது என்று முடிவெடுத்தது. விங்ககோரே அவருக்காக முன்னால் இழுத்தார். மாட்ரிட்டில் கஸ், விங்ககோர் 17 விநாடியில், ரோக்லிச் 1 நிமிடம் 8 விநாடியில், மூன்று இடமும் ஒரே அணிக்கு. கோல்_ஏறி தம்பி இதையும் அணியின் வெற்றி என்பார், எண்ணிக்கையில் அது சரிதான். ரோக்லிச் அடுத்த வருடம் போரா அணிக்குப் போய்விட்டார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முடிந்தால் 1985 லூஸ் ஆர்திதென் ஸ்டேஜின் பழைய ஒளிபரப்பைத் தேடிப் பாருங்கள். மஞ்சள் ஜெர்சியையே பார்த்துக்கொண்டிருக்காமல் லெமாண்ட் காரோடு வாதாடும் இடத்தைக் கவனியுங்கள். பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், கோல்_ஏறி தம்பியும் கூட வந்து பார்த்தால் இன்னும் நல்லது.